தலையில் தேங்கும் நீர்: ஸஹ்ராவியின் ஏடும் வேலூரின் கணக்கும்

மீலாது மேடைகளிலும் மதரஸா ஆண்டு விழாக்களிலும் முஸ்லிம்களின் அறிவியல் பங்களிப்பைப் பற்றிப் பேசுவது நம்மவர்க்கு வழக்கமாகிவிட்டது. ராஸி, இப்னு சீனா, இப்னுந் நஃபீஸ், ஸஹ்ராவி எனப் பெயர்கள் அடுக்கப்படும், ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கண்டுபிடிப்பு சூட்டப்படும், அவையோர் மகிழ்வர். அப்பேச்சுகளில் பெரும்பகுதி உண்மையே. ஆயினும், மூல நூலைத் திறந்து பாராமல் ஒருவர் சொன்னதை மற்றவர் வாங்கிச் சொல்லும்போது உண்மை மெல்ல மெல்ல உருமாறிவிடுகிறது. அந்த உருமாற்றத்தில் நமக்கும் பங்குண்டு என்பதை ஒப்புக்கொண்டே இக்கட்டுரையைத் தொடங்குகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் வத்தலக்குண்டில் நிகழ்ந்த ஒரு மீலாது கூட்டத்தில், பச்சிளங் குழந்தைகளின் தலையில் நீர் தேங்கும் நோயை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே குர்துபாவின் ஸஹ்ராவி குணப்படுத்திக் காட்டினார் என்று நாம் பேசினோம். உருது நூல் ஒன்றில் படித்த செய்தி அது. ஒரு வாரம் கழித்து, அஸர் தொழுகைக்குப் பின் ஓர் இளைஞர் நம்மைத் தேடி வந்தார். அவர் கையில் நான்கு மாதக் குழந்தை. உடல் மெலிந்தும் தலை பருத்தும் இருந்தது. நெற்றி நரம்புகள் புடைத்திருந்தன. கண்மணிகள் கீழ்நோக்கியே சரிந்திருந்தன. "ஹஜ்ரத், மதுரைக்குக் கொண்டு போய் ஆபரேஷன் பண்ணணும்னு டாக்டர் சொல்றாங்க. நீங்க மேடையில சொன்னீங்களே, அந்தக் கிதாபுல இருக்கிற மருந்தைச் சொல்லுங்க, அதையே பார்த்துக்கலாம்" என்றார்.

நம்மிடம் மருந்து ஏதும் இல்லை. கிதாபையே நாம் பார்த்ததில்லை. ஓதி துஆச் செய்து, "தம்பி, நாளைக்கே மதுரைக்குப் போங்கள்" என்று அனுப்பிவைத்தோம். ஆனால் அவர் நம்மிடம் வருவதற்குள் ஒரு வாரம் கழிந்திருந்தது. நமது பேச்சு அவருக்குத் தந்த நம்பிக்கையில் கழிந்த வாரம் அது. அன்றிரவுதான் ஸஹ்ராவியின் நூலைத் தேடத் தொடங்கினோம்.

அத்தஸ்ரீஃப் கூறுவது

அபுல் காசிம் கலஃப் இப்னு அப்பாஸ் அஸ்ஸஹ்ராவி (கி.பி. 936–1013) அந்தலுஸின் தலைநகராம் குர்துபாவை அடுத்த மதீனத்துஸ் ஸஹ்ராவில் பிறந்தவர். அவரது 'அத்தஸ்ரீஃப்' முப்பது மகாலாக்களைக் கொண்ட மருத்துவக் களஞ்சியம். முப்பதாவது மகாலா அறுவை மருத்துவத்துக்கு உரியது. சூடிடுதல், கீறுதல், எலும்பு முறிவு என மூன்று பாபுகளாக அது பகுக்கப்பட்டுள்ளது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் துலைத்துலா நகரில் கிரெமோனாவின் ஜெரார்டு அதனை இலத்தீனில் பெயர்த்தார். அதன்பின் பல நூற்றாண்டுகள் ஐரோப்பாவின் அறுவை மருத்துவர்க்கு அது கைந்நூலாக விளங்கியது. 1778இல் ஆக்ஸ்ஃபோர்டில் அரபு மூலமும் இலத்தீனும் இணைந்த பதிப்பு வந்தது. 1973இல் ஸ்பிங்க், லூயிஸ் இருவரும் அரபு மூலத்தை ஆங்கில மொழிபெயர்ப்புடன் வெளியிட்டனர்.

இரண்டாவது பாபின் முதல் ஃபஸ்லே சிறுபிள்ளைகளின் தலையில் சேரும் நீரைப் பற்றியதுதான். அவர் கூறுவதன் சாரம் இது: இந்நோய் பெரும்பாலும் பிரசவத்தின்போது மருத்துவச்சி குழந்தையின் தலையை முரட்டுத்தனமாகப் பிடிப்பதால் உண்டாகிறது, சில வேளை அறியப்படாத மறைவான காரணத்தாலும் வருகிறது. நீர் சில பிள்ளைகளுக்குத் தோலுக்கும் எலும்புக்கும் இடையே சேரும். வேறு சிலர்க்கு எலும்புக்கு அடியில் சேரும். மண்டையோட்டின் பொருத்துகள் எப்பக்கமும் விலகியிருப்பதும், கையால் அழுத்தினால் நீர் உள்வாங்குவதும் இரண்டாம் வகைக்கு அடையாளம். எங்கே, எத்தனை கீறல்கள் இடவேண்டும், பின்னர் எவ்வாறு கட்டவேண்டும் என்பதையும் விவரிக்கிறார். நாடியை வெட்டிவிடாதே, இரத்தப் போக்கால் நோயாளி இறக்கக்கூடும் என எச்சரிக்கவும் செய்கிறார்.

இதுவரை படிப்பவர், மேடையில் நாம் சொன்னது சரிதான் என்று எண்ணக்கூடும். ஆனால் அதே ஃபஸ்லில் ஸஹ்ராவி தம் சொந்த அனுபவத்தையும் பதிந்துவைத்திருக்கிறார். இந்நோயைத் தாம் சிறுபிள்ளைகளிடத்தில் மட்டுமே கண்டதாகவும், தாம் கண்ட பிள்ளைகள் அனைவரையும் மரணம் விரைந்து பற்றிக்கொண்டதாகவும், ஆகவே இதில் அறுவையைக் கைவிடுவதையே தாம் விரும்பியதாகவும் எழுதுகிறார். நாளுக்கு நாள் தலை பெருத்து, அதன் பாரத்தால் உட்காரவும் இயலாமல் போய், இறுதியில் இறந்துவிட்ட ஒரு சிறுவனையும் அவர் குறிப்பிடுகிறார்.

ஆக, ஸஹ்ராவி இந்நோயைக் குணப்படுத்தவில்லை. குணப்படுத்தியதாக அவர் சொல்லவும் இல்லை. கீறும் முறைக்கும் மருத்துவச்சியைப் பற்றிய கருத்துக்கும் கி.பி. ஏழாம் நூற்றாண்டின் கிரேக்க மருத்துவர் ஏகினாவின் பவுலுடைய நூல் முன்னோடியாக இருந்தது. அந்நூல் முன்னமே அரபியில் பெயர்க்கப்பட்டிருந்தது. 'நான் கண்டேன்; அவர்கள் இறந்தனர்; ஆகவே நான் தவிர்த்தேன்' என்னும் வாக்குமூலமே ஸஹ்ராவிக்கு முற்றிலும் சொந்தமானது. முன்னோரின் ஏட்டில் உள்ள முறையை அமானிதமாக எடுத்தெழுதிய பின், அம்முறை தம் கைக்குப் பயன் தரவில்லை என்று மறைக்காமல் எழுதுவதற்குத் தனித்துணிவு வேண்டும். நாம் மேடையில் புகழ்ந்தது அவர் செய்யாத செயலை. புகழ வேண்டிய இந்த நேர்மையை நாம் அறியாமலே இருந்தோம்.

மூளையின் அறைகள்

அக்கால மருத்துவர்கள் ஏன் இந்நோயை வெல்ல இயலவில்லை? அறிவுக் குறைவு அதற்குக் காரணமன்று. மூளைக்குள் இயல்பாகவே நீர் ஓடுகிறது என்பதை உலகில் எவருமே அன்று அறிந்திருக்கவில்லை.

மூளைக்குள் உள்ள வெற்றறைகளை அரபியர் 'புதூனுத் திமாக்' என்றனர். மூளையின் வயிறுகள் என்பது அதன் பொருள். கிரேக்க அறிஞர் காலனைப் பின்பற்றி, அவ்வறைகளில் நுண்ணிய ஆவி ஒன்று நிறைந்திருப்பதாகவும், உணர்வும் சிந்தனையும் அதனால் இயங்குவதாகவும் கருதினர். முன்னறையில் கற்பனை, நடுவறையில் சிந்தனை, பின்னறையில் நினைவு என அகப்புலன்களுக்கு இடம் வகுத்தவர்களுள் இப்னு சீனா முதன்மையானவர். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தமது 'தஹாஃபுத்துல் ஃபலாஸிஃபா'வின் பதினெட்டாம் மஸ்அலாவில் தத்துவவாதிகளின் கருத்தாக இப்பகுப்பை எடுத்துரைப்பதை நம் மாணவர்கள் அறிவர். ஆவி உறையும் இடமென நம்பப்பட்ட அறையில் நீர் காணப்பட்டால், அது வெளியிலிருந்து வந்த கேடாகவே தோன்றும். ஆகவே சிகிச்சையும் அந்நீரை வடித்துவிடுவதாகவே இருந்தது.

இந்நீர் நோயின் விளைவன்று, உடலின் இயல்பு என்பதை 1764இல் நேப்பிள்ஸ் நகரின் டொமினிகோ கொட்டுக்னோ தெளிவாக எழுதினார். அதுவரை உடற்கூற்று வல்லுநர் தலையைத் துண்டித்த பின்னரே மூளையை ஆராய்ந்து வந்தனர்; அதனால் நீர் முழுவதும் வழிந்தோடிவிட, அவர்கள் கண்டதெல்லாம் வெற்றறைகளே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்சின் மஜாந்தி இந்நீரின் வழிகளை ஆராய்ந்தார். 1891இல் ஜெர்மனியின் குவின்கே முதுகின் கீழ்ப்புறத்தில் ஊசியிட்டு நீரை எடுக்கவும் அதன் அழுத்தத்தை அளக்கவும் வழி கண்டார். அமெரிக்காவின் டேண்டியும் பிளாக்ஃபேனும் 1913ஐ ஒட்டிய ஆண்டுகளில் விலங்குகளில் நீர்வழியை அடைத்துக் காட்டி, அடைப்பினால் நீர் தேங்கி அறைகள் விரிவதை நிறுவினர். ஸஹ்ராவி 'மறைவான காரணம்' என்று எழுதியதன் ஒரு பகுதி, ஏறத்தாழ 900 ஆண்டுகளுக்குப் பின் இவ்வாறு வெளிப்பட்டது.

மூடிய பாண்டம்

இன்று நாம் அறிந்தவற்றைச் சுருங்கக் கூறுவோம். வளர்ந்த மனிதனின் மூளையிலும் தண்டுவடத்தைச் சுற்றியும் ஏறத்தாழ 150 மில்லிலிட்டர் மூளைத் தண்டுவட நீர் உள்ளது. நாளொன்றுக்குச் சுமார் 500 மில்லிலிட்டர் சுரக்கிறது. அதாவது, அந்நீர் ஒரு நாளில் மூன்று முறைக்கு மேல் புதிதாகிறது. பெரும்பகுதி மூளை அறைகளில் உள்ள நுண்குழல் பின்னல்களில் சுரந்து, அறைவிட்டு அறை கடந்து, மூளையின் மேற்பரப்பை அடைந்து இரத்தத்தில் கலக்கிறது. மூளைக்கு மெத்தையாகவும் கழிவகற்றும் வாய்க்காலாகவும் அது பயன்படுகிறது.

மண்டையோடு மூடிய பாண்டம் போன்றது. அதனுள் இருப்பவை மூன்று: மூளை, இரத்தம், நீர். ஒன்று மிகுந்தால் மற்றொன்று குறைந்தாக வேண்டும். குறைய இடமில்லாதபோது அழுத்தம் ஏறும். ஸ்காட்லாந்தின் மன்றோ 1783இலும் கெல்லி 1824இலும் வகுத்த இவ்விதியே மூளையழுத்த ஆய்வுகளுக்கு அடித்தளம். படுத்த நிலையில் வளர்ந்தவரின் இயல்பான அழுத்தம் பாதரச அளவில் 7 முதல் 15 மில்லிமீட்டர் வரை. 1960இல் ஸ்வீடனின் லுண்ட்பெர்க், மூளை அறைக்குள் குழலிட்டு அழுத்தத்தை இடைவிடாமல் பதிவுசெய்து, அது அலையலையாக ஏறியிறங்குவதைக் காட்டினார். தலைக்காயமுற்றோரைக் காக்கும் இன்றைய தீவிர சிகிச்சை அந்தப் பதிவேட்டிலிருந்து வளர்ந்ததே.

குழந்தையின் மண்டையோட்டுப் பொருத்துகள் இறுகாதவை. எனவே அழுத்தம் ஏறும்போது தலையே பெருக்கிறது. கண்கள் அந்திச் சூரியனைப் போலக் கீழே சரிகின்றன. வளர்ந்தவர்க்குத் தலை பெருக்க வழியில்லை; தலைவலி, வாந்தி, பார்வை மங்கல், மயக்கம் என நோய் வெளிப்படும். நீர் தேக்கமோ கட்டியோ இல்லாமலே அழுத்தம் ஏறுவதும் உண்டு. பெரும்பாலும் உடற்பருமன் கொண்ட இளவயதுப் பெண்களிடம் காணப்படும் இந்நிலையைக் கவனியாது விட்டால் பார்வை பறிபோகும்.

தந்தையர் கண்ட வால்வு

நீர் எங்கே அடைபட்டது என்பது தெரிந்த பின்னும் அதற்கு மாற்றுவழி அமைப்பது எளிதாயிருக்கவில்லை. குழலொன்றை இட்டால் நீர் அளவுக்கு மிஞ்சி வடியும், அல்லது இரத்தம் பின்னோக்கி ஏறி அடைக்கும். ஒருவழியாக மட்டுமே, அதுவும் குறித்த அழுத்தத்துக்கு மேல் மட்டுமே திறக்கும் வால்வு வேண்டியிருந்தது. 1949இல் அமெரிக்காவின் நுல்சன், ஸ்பிட்ஸ் இருவரும் அத்தகைய வால்வை முதன்முறையாகப் பொருத்தினர். நோயுற்ற மகனைப் பெற்ற ஜான் ஹோல்டர் என்னும் தொழில்நுட்பப் பணியாளர், 1956இல் சிலிக்கோனால் மேலும் சிறந்த வால்வை வடித்தார். அவருடைய மகன் நீண்டநாள் வாழவில்லை. அவ்வால்வினால் வாழ்ந்த பிள்ளைகளோ பல்லாயிரவர். எழுத்தாளர் ரோல்டு டால், விபத்தில் அடிபட்ட தம் மகனின் பொருட்டு, ஒரு மருத்துவரோடும் ஒரு பொறியாளரோடும் சேர்ந்து 1960களின் தொடக்கத்தில் இன்னொரு வால்வை உருவாக்கினார். நம்மிடம் வந்த இளைஞரின் முகத்தில் நாம் கண்ட கலக்கமே அத்தந்தையரையும் உறங்கவிடாமல் செய்திருக்க வேண்டும்.

இவ்வரலாற்றில் அரபுப் பெயர் ஒன்றும் வருகிறது. லெபனானிலிருந்து குடியேறிய பெற்றோர்க்குக் கொலம்பியாவில் பிறந்த சாலமோன் ஹகீம் (1922–2011) பொகோட்டா நகரில் நரம்பியல் அறுவை மருத்துவராகப் பணியாற்றினார். 1957இல், விபத்தில் அடிபட்டு உணர்வற்றுக் கிடந்த பதினாறு வயதுச் சிறுவனுக்கு மூளையறைகள் விரிந்திருந்தும் அழுத்தம் இயல்பாகவே இருப்பதைக் கண்டார். சிறிதளவு நீரை எடுத்ததும் அவன் தேறிப் பேசினான். அழுத்தம் இயல்பாயினும், விரிந்த அறையின் பரப்பு பெரிதாகையால் மூளையைத் தள்ளும் விசையும் பெரிதாகும் என அவர் விளக்கினார். 1965இல் அமெரிக்க அறிஞர் ஆடம்ஸ் முதலானோரோடு சேர்ந்து அதனை வெளியிட்டார். கால்கள் தரையில் ஒட்டிக்கொண்டாற்போன்ற நடை, மறதி, சிறுநீரை அடக்க இயலாமை ஆகிய மூன்றும் சேர்ந்து வரும் முதியோருள் சிலர்க்கு இந்நோய் இருக்கக்கூடும். முதுமையின் விதி என்று நம் இல்லங்களில் ஒதுக்கிவைக்கப்படும் பெரியவர்களுள் சிலரேனும் சிகிச்சையால் மீளக்கூடியவர்கள் என்பதே இதன் பயன். ஹகீம் என்றால் மருத்துவர் என்று நமக்குத் தெரியும். ஆயினும் அவரை 'நம்மவர்' என்று உரிமை கொண்டாட நாம் இதைச் சொல்லவில்லை. அறிவுக்குப் பிறப்பிடம் பலவாகும் என்பதற்காகவே சொல்கிறோம்.

வேலூரின் கணக்கு

தமிழகத்தில் இத்துறையின் தொடக்கம் இந்தியாவின் தொடக்கமே ஆகும். 1949இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஜேக்கப் சாண்டி நாட்டின் முதல் நரம்பியல் அறுவைத் துறையை நிறுவினார். 1950இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தி அப்பணியைத் தொடங்கினார். இவ்விருவரும் நரம்பியல் மருத்துவர்கள் எஸ்.டி. நரசிம்மன், பல்தேவ் சிங் ஆகியோரும் 1951இல் இந்திய நரம்பியல் கழகத்தைத் தோற்றுவித்தனர். பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் அமைந்திருப்பதால் வேலூரை நாம் கல்வி நகராகவே அறிவோம். அதே ஊரின் மற்றொரு கல்விக்கூடத்தில் இந்த வரலாறும் எழுதப்பட்டது.

நம் நாட்டில் தலையில் நீர் தேங்குவதற்குப் பிறவிக் காரணங்களோடு காசநோயும் பெருங்காரணம். காசக்கிருமி மூளையுறையைத் தாக்கும்போது, மூளையின் அடிப்புறத்தில் தடித்த கசிவு படிந்து நீர்வழியை அடைத்துவிடுகிறது. மேலைநாட்டு ஆய்வேடுகளில் அருகியே பேசப்பட்ட இத்துயரம், நம் மருத்துவர்க்கு அன்றாடக் காட்சி. 1975 முதல் 1986 வரை வேலூரில் குழல் பொருத்தப்பட்ட இத்தகைய 114 நோயாளிகளின் கணக்கை, பாலூர், ராஜசேகர், மேத்யூ சாண்டி முதலானோர் 1991இல் வெளியிட்டனர். நோயாளி மருத்துவமனைக்கு வந்து சேரும்போது இருந்த நிலையை நான்கு படிகளாகப் பகுத்தனர். முழு உணர்வோடு வந்த முதற்படியினருள் இறந்தோர் 20 விழுக்காடு. ஆழ்ந்த மயக்கத்தில் வந்த நான்காம் படியினருள் இறந்தோர் 100 விழுக்காடு. ஒருவரும் பிழைக்கவில்லை என்பதை அவர்கள் மறைக்கவில்லை. முதற்படிகளில் உள்ளோர்க்குக் காலந்தாழ்த்தாது குழல் பொருத்த வேண்டும்; கடைசிப் படியினர்க்கு முதலில் நீரைத் தற்காலிகமாக வெளியே வடித்துப் பார்த்து, தேறினால் மட்டுமே நிரந்தரக் குழல் என்று முடிவு கூறினர். 'வேலூர்ப் படிமுறை' எனப் பெயர் பெற்று இன்றும் உலக ஆய்வேடுகளில் அது எடுத்தாளப்படுகிறது.

இக்கணக்கைப் படித்தபோது ஸஹ்ராவியின் ஃபஸ்லே நம் நினைவில் எழுந்தது. தம் கையில் இறந்தோரை எண்ணிச் சொல்லும் அதே வாய்மை. ஒரு வேறுபாடு உண்டு. ஸஹ்ராவியின் காலத்தில் அவ்வாய்மை, கத்தியைக் கீழே வைக்கச் சொன்னது; வேலூரில் அது, யாருக்கு எப்போது கத்தியை எடுக்கவேண்டும் என்று காட்டியது. இடைப்பட்ட நூற்றாண்டுகளில் சேர்ந்த அறிவே இவ்வேறுபாட்டின் காரணம்.

வால்வின் விலையும் ஒரு தடையாக இருந்தது. தில்லி எய்ம்ஸின் குழந்தை அறுவை மருத்துவர் உபாத்தியாயாவும், பின்னர் உத்தரப்பிரதேசத்தின் நரம்பியல் அறுவை மருத்துவர் சாப்ராவும் எளிய விலையில் உள்நாட்டு வால்வுகளை உருவாக்கினர். சாப்ராவின் வால்வையும், ஹகீமின் பெயர் தாங்கிய விலையுயர்ந்த வால்வையும் உகாண்டா நாட்டில் 195 பிள்ளைகளிடம் ஒப்பிட்டு 2005இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. ஓராண்டு முடிவில் இரண்டின் பயனிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. விலையிலோ பன்மடங்கு வேறுபாடு.

இன்றும் இது முழுவெற்றி அன்று. குழந்தைகளுக்குப் பொருத்தும் குழல்களுள் ஏறத்தாழப் பத்தில் நான்கு, முதலாண்டிலேயே அடைபட்டோ கிருமி பற்றியோ பழுதாகின்றன, மறுஅறுவை தேவைப்படுகிறது. குழலின்றி, உள்நோக்கிக் கருவியால் மூளையறையின் தளத்தில் துளையிட்டு நீருக்கு வழிசெய்யும் முறை தகுந்தவர்க்குக் கைகொடுக்கிறது. கருத்தரிப்பதற்கு முன்பே தாய் ஃபோலிக் அமிலம் உட்கொள்ளத் தொடங்கினால், தண்டுவடப் பிளவும் அதனோடு வரும் நீர்த்தேக்கமும் பெருமளவு தவிர்க்கப்படும் என்பது 1991இல் வெளியான பன்னாட்டு ஆய்வின் முடிவு. பிறக்கும்போது சுமார் 35 சென்டிமீட்டர் இருக்கும் குழந்தையின் தலைச் சுற்றளவு, முதல் மூன்று மாதங்களில் மாதத்துக்கு ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் வளர்வது இயல்பு. இதனை விஞ்சி விரைந்து வளர்ந்தால், தையற்காரரின் அளவுநாடாவே முதல் எச்சரிக்கையைத் தந்துவிடும்.

நிறைவாக

நம்மிடம் வந்த குழந்தைக்கு மதுரையில் குழல் பொருத்தப்பட்டது. இரண்டாம் ஆண்டில் அது அடைபட்டு மீண்டும் ஒருமுறை அறுவை நடந்தது. இன்று அச்சிறுவன் நமது மக்தபில் ஓதுகிறான். ஒரு கண்ணில் பார்வை குறைவு. ஆகவே கிதாபை முகத்தருகே பிடித்துக்கொண்டு ஓதுவான். அவனது பார்வைக் குறைவுக்கும் நம் பேச்சினால் கழிந்த அந்த ஒரு வாரத்துக்கும் தொடர்புண்டா என்று மருத்துவர் ஒருவரிடம் கேட்டோம். அவர், அதை எவராலும் சொல்ல இயலாது என்றார். அந்த விடை நமக்கு ஆறுதலாக இல்லை. ஆறுதலாக இருக்கவும் கூடாது.

முன்னோரின் பெருமையைப் பேசுவோம், பேசத்தான் வேண்டும். ஆனால் மேடை ஏறுமுன் அவர்களது ஏட்டைத் திறந்து பார்ப்போம். தம்மால் இயலாததை இயலவில்லை என்று எழுதிய ஒரு மாமனிதரின் பெயரால், இயன்றது என்று நாம் சொன்னால் அது அவருக்குச் செய்யும் சிறப்பு ஆகாது. அடுத்த ஆண்டு மீலாது மேடையில் நாம் மீண்டும் ஸஹ்ராவியைப் பற்றியே பேசினோம். அத்தஸ்ரீஃபின் அந்த ஃபஸ்லை முழுமையாக வாசித்துப் பொருள் சொன்னோம். முந்தைய ஆண்டு நாம் பேசியது பிழை என்பதையும் சொன்னோம். அவையில் ஆரவாரம் எழவில்லை. ஆனால் கூட்டம் கலைந்ததும் இரண்டு தாய்மார்கள் தம் பிள்ளைகளின் தலையை அளந்து பார்ப்பது எப்படி என்று கேட்டு, மதரஸா வாயிலில் காத்து நின்றனர்.